அத்தானின் கால் கட்டைவிரல்

குற்றச்சாட்டு இது. மார்ச் மாதம் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மதிய உணவு முடிந்த நேரத்தில், எங்கள் அச்சகத்தின் முன்னறையில், காகித வெட்டு இயந்திரக்காரரும் விசிட்டிங் கார்டு வாங்க வந்த வாடிக்கையாளர் ஒருவரும் கேட்கும்படியாக, என் அத்தான் என்னைப் பார்த்து, "தண்ணியக் கொட்டி மிஷினைக் கொன்னுட்டியேடா மச்சான்" என்றார். கணினி உயிர்விட்டது உண்மை. தண்ணீர் பொய். என் தம்ளர் அன்றும் வழக்கம்போல ஜன்னல் விளிம்பில்தான் இருந்தது. மேசைமேல் அதை நான் ஒருநாளும் வைத்ததில்லை.

அதே இடத்தில் தீர்ப்பும் சொல்லப்பட்டது. இனி நான் கணினி முன்னால் உட்காரக் கூடாது. பின்னறையில் பசை மேசையில் நின்று புத்தக முதுகு ஒட்ட வேண்டும். பக்கம் வடிவமைக்கும் வேலையை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அட்டை கிழிந்த பயிற்சிப் புத்தகம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, தப்பும் தவறுமாக, நானாகக் கற்றது. அந்த நாற்காலிதான் இந்த அச்சகத்தில் எனக்கென்று இருந்த இடம். அது போயிற்று. கூடவே பெயரும் போயிற்று. மறுநாளே வெட்டு இயந்திரக்காரர் என்னைத் 'தண்ணிக்காரரே' என்று கூப்பிடத் தொடங்கினார். அவர் கேலிக்காரர், கெட்டவர் அல்லர். ஆனால் அப்படி ஒட்டிக்கொண்ட பெயர், நான் இப்போது பூசும் பசையைவிட உறுதியானது.

இந்த வழக்கு விளங்க வேண்டுமானால் அத்தான் யார் என்று சொல்லியாக வேண்டும்.

அத்தான் இளம் வயதில் ஒரு காகிதக் கிடங்கில் சுமை தூக்கினார். காலை முதல் மாலை வரை இரண்டு கைகளிலும் காகிதக் கட்டு. மார்போடு அணைத்துத் தாடையால் அமுக்கிக்கொண்டு நடக்க வேண்டும்; கீழே வைத்தால் மறுபடி தூக்க இடுப்பு ஒத்துழைக்காது. ஆகவே கதவைக் காலால் தள்ளினார். குறுக்கே கிடந்த முக்காலியைக் காலால் ஒதுக்கினார். இடுப்புக்குக் கீழே இருந்த சுவிட்சுப் பலகையில் விளக்கைக் கால் கட்டைவிரலால் போட்டார், அணைத்தார். அக்காலத்தில் அது கெட்டிக்காரத்தனம். அதை நான் மறுக்கவில்லை. கிடங்கிலேயே வேகமான ஆள் அவர்தான் என்று அங்கே கணக்கெழுதிய என் அக்காவே சொல்லியிருக்கிறாள். அந்த வேகத்தைப் பார்த்துத்தான் கல்யாணமும் நடந்தது. பின்னர் அச்சகம் வந்தது. அத்தானுக்கு அப்போது சொந்தமாக ஒரு முகவரி இல்லாததால், உரிமம் அக்காவின் பெயரில் எடுக்கப்பட்டது. இன்றும் அவள் பெயரில்தான் இருக்கிறது. உரிமத்தின் நகல் என்னிடம் உண்டு.

சுமை போய்விட்டது. கைகள் காலியாகிவிட்டன. கால் மட்டும் வேலையை விடவில்லை.

அச்சகத்துக்குள் அத்தான் செருப்புப் போடுவதில்லை. தரையில் வெட்டுத்தூள், பசைச் சொட்டு, மை. அதே வெறுங்காலோடு பின்பக்கக் கழிவறைக்குப் போவார். ஈரத் தடம் பதித்துத் திரும்புவார். வந்து அமர்ந்ததும் நாற்காலியை மேசைக்கடியில் காலாலேயே இழுத்துக்கொள்வார். அந்தக் கட்டைவிரல் நகம் கொம்புபோலத் தடித்து, மஞ்சள் பூத்து, ஓரத்தில் கறுப்பு மை ஏறியிருக்கும். சாப்பிட்ட பிறகு ஒரு காலைத் தூக்கித் தொடைமேல் போட்டுக்கொண்டு விரலிடுக்கைக் கையால் நோண்டுவார். பிறகு அந்தக் கையின் விரலை நாக்கில் தொட்டு, நான் திருத்தி வைத்த தாள்களைப் புரட்டுவார். அந்தத் தாள்களை அதன்பின் நான் எப்படித் தொட்டேன் என்று யாரும் கேட்டதில்லை. ஓரத்தைப் பிடித்துத்தான் தொட்டேன்.

இதில் முக்கியமானது வேறு. தன் கால் செய்வதை அத்தான் ஒரு செயலாகவே கணக்கில் எடுப்பதில்லை. கை செய்தால் அது அவர் செய்தது. கால் செய்தால் அது தானாக நடந்தது. கதவு தானாகத் திறந்தது; மின்விசிறி தானாக நின்றது. இதில் அவர் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. பொய்யாக இருந்திருந்தால் இவ்வளவு அருவருப்பாக இருந்திருக்காது.

கணினியின் பெட்டி என் மேசைக்கடியில் தரையில் நின்றது. அதன் பொத்தான் முகப்பில், கணுக்காலுக்குச் சற்று மேலே. இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

அன்றைக்கு நான் கைகழுவப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது திரை கறுத்திருந்தது. அத்தான் என் நாற்காலியில் சாய்ந்து பல்குத்திக்கொண்டிருந்தார். பாதியில் நின்றுபோயிற்று, நிறுத்திப் போட்டால் வரவில்லை என்றார். பழுது பார்ப்பவரைத் தொலைபேசியில் அழைத்து, தண்ணீர் பட்டுவிட்டது என்று அவரே சொன்னார். தண்ணீர் பட்டால் மதர்போர்டு போயிருக்கும், புதிதே வாங்கிவிடுங்கள் என்று பதில் வந்தது. சொன்னதைக் கேட்டு அந்த மனிதர் சொன்னார். அவர்மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் பெட்டியைத் திறக்காமலே என் குற்றம் உறுதியாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அச்சகம் பூட்டியிருக்கும். அக்காவிடம் சாவி கேட்டேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

முதலில் சுவர்ப் பிளக்கில் மேசை விளக்கைச் செருகினேன், எரிந்தது. திரையின் மின்கம்பியைக் கழற்றிக் கணினிக்கு மாட்டினேன், அசைவில்லை. அடுத்து நான் ஒரு தவறு செய்தேன், அதையும் பதிவு செய்கிறேன். முன்பொரு முறை பவர் சப்ளைதான் கெட்டது என்பதால், இப்போதும் அதுதான் என்று முடிவுகட்டி, வேறெதையும் பாராமல் அதை மொத்தமாகக் கழற்றிக் காலைப் பொழுதை வீணடித்தேன். தனியாக வைத்து, பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் பேப்பர் கிளிப்பால் இணைத்தபோது அதன் விசிறி சுகமாகச் சுழன்றது. வெட்கத்தோடு திரும்ப மாட்டினேன்.

அப்போதுதான் மதர்போர்டை நிதானமாகப் பார்த்தேன். அதன்மேல் தூசி மெத்தைபோலப் படிந்திருந்தது. ஒரு சொட்டு விழுந்திருந்தாலும் அதில் தடம் இருக்கும். தடமே இல்லை. மூலையில் சிறு பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மின்சாரம் வருகிறது, போர்டு காத்திருக்கிறது, எழுந்திரு என்று சொல்லத்தான் ஆளில்லை. முகப்புப் பொத்தானிலிருந்து வரும் மெல்லிய கம்பியைப் பிடுங்கிவிட்டு, அது செருகியிருந்த இரண்டு ஊசிகளையும் திருப்புளி முனையால் ஒரு கணம் தொட்டேன். விசிறி சுழன்றது. திரையில் வெளிச்சம் வந்தது. திறந்து பார்த்தேன், நான் பாதியில் சேமித்துவிட்டுப் போன பக்கம்கூட அப்படியே இருந்தது.

ஆக, கெட்டது பொத்தான். முகப்பு மூடியைக் கழற்றினேன்.

பொத்தான் உள்ளே அமுங்கி, அதன் நாக்கு ஒடிந்து, பின்னாலிருந்த சுவிட்சு இடம்பெயர்ந்து கிடந்தது. சுற்றியிருந்த இடுக்கில் மையும் பசையும் அழுக்கும் சேர்ந்து கறுப்புக் களிம்பாக உறைந்திருந்தது. அதில் முடி. உரிந்த தோல். நடுவே, பிறைபோல ஒரு நகத்துண்டு. தடித்தது, மஞ்சள், ஓரத்தில் மை. இடுக்கியால் எடுத்துப் பிளாஸ்டிக் உறையிலிட்டு, தேதி எழுதி, கணினி வாங்கிய ரசீதும் உத்தரவாத அட்டையும் இருக்கும் கோப்பில் வைத்தேன். பிறகு கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

திங்கட்கிழமை காலை, மூடி கழற்றியபடியே பெட்டியை அதன் பழைய இடத்தில் வைத்து, எல்லோர் முன்னிலையிலும் திருப்புளியால் தொட்டுக் கணினியை ஓட விட்டேன். வெட்டு இயந்திரக்காரர் எட்டிப் பார்த்தார். தண்ணீர் இல்லை, பொத்தான் உடைந்திருக்கிறது, அதை உடைத்தது நான் அல்ல என்று சொன்னேன். உறையை எடுக்கவில்லை. அதற்கு வேலை வரவில்லை.

"நானா ஒடைச்சேன்? அந்த மிஷின்மேல நான் கைகூட வைக்கலையேடா" என்றார் அத்தான். முகத்தில் கள்ளமே இல்லை.

அந்த நேரம் பார்த்து அவருக்குத் தொலைபேசி வந்தது. ஒரு கையில் தொலைபேசி, மறு கையில் டீ. கணினி விசிறியின் இரைச்சல் பேச்சுக்கு இடைஞ்சலாக இருந்திருக்க வேண்டும். பேசிக்கொண்டே நாற்காலியில் சற்றுச் சரிந்தார். கால் மேசைக்கடியில் போயிற்று. கட்டைவிரல், பொத்தான் இருந்த ஓட்டையைத் தேடி, உள்ளே நுழைந்து, துழாவியது.

வெட்டு இயந்திரக்காரர்தான் மெதுவாகச் சொன்னார்: "முதலாளி, பொத்தான் அங்க இல்ல. காலை எடுத்துக்குங்க."

அத்தான் குனிந்து தன் காலைப் பார்த்தார். யாரோ அங்கே விட்டுப்போன பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். ஒரு கணம், அந்தக் கிடங்குக் காலத்து மனிதர்மேல் எனக்கு இரக்கம்கூட வந்தது. மறுகணம் அவர் அந்த விரலை மற்றக் காலின் ஆடுசதையில் துடைத்துக்கொண்டு, "அதான் ஓடுதுல்ல? ஓடுற மிஷினுக்கு எதுக்குடா பஞ்சாயத்து?" என்றார். இரக்கம் வந்த வழியே போயிற்று.

புதிய சுவிட்சை நானே மாட்டினேன். பெட்டியைத் தரையிலிருந்து தூக்கி மேசைமேல் வைத்தேன். நாற்காலி மட்டும் எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அதில் இப்போது அத்தான் உட்கார்ந்து இரண்டு விரலால் தட்டுகிறார். தீர்ப்பு தீர்ப்புதானாம். வருகிற வாடிக்கையாளரிடமெல்லாம், "எங்க மச்சான் தண்ணியக் கொட்டுவான், அவனே தொடச்சும் வைப்பான்" என்று பெருமையாகச் சொல்கிறார். பழுதைச் சரிசெய்ததே என் குற்றத்துக்குச் சான்றாகிவிட்டது. சென்ற வெள்ளிக்கிழமை பசைக்கிண்ணத்தோடு முன்னறை வழியாகப் போனபோது இன்னொன்றையும் பார்த்தேன். அத்தான் நாற்காலியில் நன்றாகப் பின்னால் சாய்ந்து, தட்டச்சுப் பலகைக்கு மேலாகக் காலை நீட்டி, மேசைமேல் இருந்த பெட்டியின் பொத்தானைக் கட்டைவிரலால் அமுக்கிக் கணினியை அணைத்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை அக்கா வீட்டுக்குப் போனேன். சமையலறையில் குளிர்பதனப் பெட்டியின் அடிக்கதவைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். கதவின் வெள்ளையில் ஒரு வட்டக் கறை. எதனுடைய கறை என்று இருவருக்கும் தெரியும். நடந்ததை முழுதும் சொன்னேன். உறையைக் காட்டி, உரிமையாளரான அவளிடம் மனு எழுதித் தரப்போவதாகச் சொன்னேன். அவள் முகத்தைச் சுளித்துத் திருப்பிக்கொண்டாள்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் தொடச்சுக்கிட்டிருக்கேன். நீ ஒருநாள் தொடச்சதுக்கு மனு எழுதுவியா?"

"தொடச்சதுக்கு இல்லக்கா. நான் கொட்டினேன்னு சொன்னதுக்கு."

அவள் துணியைப் பிழிந்தாள். நெடுநேரம் பிழிந்தாள். பிறகு, "எழுதிக் குடு. படிச்சுட்டுச் சொல்றேன்" என்றாள்.

எழுதிவிட்டேன். அச்சகத்தின் சட்டப்படியான உரிமையாளர் என் அக்கா. ஆகவே இதை அவளிடமே சமர்ப்பிக்கிறேன். நான் தண்ணீர் கொட்டினேனா இல்லையா, அந்த நாற்காலி என்னுடையதா இல்லையா என்பதை உரிமையாளர் தீர்மானிக்க வேண்டும். சமையலறையில் வாய்வார்த்தையாக அல்ல. அச்சகத்தின் முகவரி அச்சிட்ட தாளில், கையொப்பத்துடன், எழுத்து மூலமாக. அந்தப் பதிலின் ஒரு நகல் முன்னறைச் சுவரில், நிற்கிறவர் கண்ணுக்கு நேராக ஒட்டப்பட வேண்டும். தாழ்வாக ஒட்ட வேண்டாம்.