பானெட்டில் கை படக்கூடாது

வண்டி நின்றதும் அக்கா இறங்கி, பின்னால் கட்டியிருக்கும் ட்ரெய்லரை ஒரு சுற்று சுற்றி, நான்கு சக்கரங்களின் நடுக்குமிழிலும் புறங்கையை வைத்துப் பார்க்கிறாள். பட்டறையில் அதை ஹப் என்பார்கள். உள்ளே கிரீஸ் வற்றி பேரிங் உரச ஆரம்பித்தால் முதலில் சூடேறுவது அந்த இடம்தான். குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று நெற்றியில் வைக்கிற அதே புறங்கை. முகத்தில் அதே கவலை. நாலாவதையும் தொட்டுவிட்டு, "வெதுவெதுன்னுதான் இருக்கு, போலாம்" என்பாள். ஐம்பது கிலோமீட்டருக்கு ஒரு தரம் இது நடந்தே தீரும். கூட வருகிறவர் கடிகாரத்தைப் பார்த்தால், "அவசரமா இருந்தா பஸ்ஸுல போயிருக்கலாமே, உங்களை யாரு கையைப் பிடிச்சு இழுத்தா?" என்று கேட்டுவிட்டுச் சாவகாசமாகக் கையைத் துடைத்துக்கொள்வாள்.

நான் தார்ப்பாய் தைக்கிறவன். என் கடைக்கு நேர் எதிரே அக்காவின் தகரக் கொட்டகை. பதினாறு வருடமாகத் தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்கினால் எதிரில் தெரிவது அந்த வெள்ளை டீசல் பிக்கப்பின் மூஞ்சிதான். என் மனைவியின் முகத்தைக்கூட நான் அவ்வளவு பார்த்ததில்லை. நான் சொல்லவில்லை, அவளே சொல்கிறாள்.

தெருவுக்கு அவள் பிக்கப் அக்கா. வயது ஐம்பத்திரண்டு. தானாக நகராத எதையும் இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ப்பது தொழில். ஜெனரேட்டர், பழுதான கார், சக்கரம் வைத்த வீடு, ஒருமுறை ஒரு பள்ளிக்கூடத்தின் மரமேடை. "நாலு லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கு தம்பி. இன்னும் இஞ்சினைத் திறந்ததில்ல" என்று எனக்கே நூறு தடவை சொல்லியிருப்பாள். நூற்றொன்றாவது தடவையும் புதுச் செய்தி கேட்பதுபோல நான் வாயைப் பிளக்க வேண்டும். பிளக்காவிட்டால் அன்று முழுக்க என்னோடு பேச்சில்லை.

காலையில் சாவியைப் போட்டதும் கிளப்பிவிட மாட்டாள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கிற பலகையில் சுருள் மாதிரி ஒரு சின்ன விளக்கு எரியும். அது அணையும்வரை ஸ்டியரிங்கில் கை வைத்துச் சும்மா உட்கார்ந்திருப்பாள். "தூக்கத்துலேருந்து எழுப்பின உடனே ஓடுன்னா நீங்க ஓடுவீங்களா?" வாரம் ஒருமுறை டீசல் ஃபில்டரின் அடித் திருகைத் தளர்த்தி, ஒரு கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். அடியில் தண்ணீர் ஒரு முத்துபோல உருண்டால் போயிற்று. டீசல் ஊற்றியவனைத் தேடிக்கொண்டு போய் நாலு பேர் முன்னால் அந்தக் குப்பியை அவன் மூக்குக்கு நேரே நீட்டுவாள்.

டீசல் ஊற்றுகிற வாயின் மூடியில் சிவப்புப் பெயின்டில் கொட்டை கொட்டையாக 'டீசல்' என்று எழுதி, அதற்குக் கீழே 'டீசல் மட்டும்' என்றும் எழுதியிருக்கிறது. அது அவள் கொழுந்தனுக்காக எழுதியது. ஒருநாள் உதவி செய்கிறேன் பேர்வழி என்று அந்த மகானுபாவர் பாதி டாங்க் பெட்ரோலை ஊற்றிவிட்டார். அதை அக்காவிடம் சொல்லிவிட்டு அவர் சாவியில் கை வைக்கப் போக, "தொட்டீங்க, கையை ஒடிச்சுடுவேன்!" என்று அக்கா போட்ட கூச்சலில் நான் ஊசியைக் கட்டைவிரலில் ஏற்றிக்கொண்டேன். கிளப்பியிருந்தால் பம்ப்பிலிருந்து எல்லாம் போயிருக்குமாம். டாங்கைக் கழற்றி, கழுவி, காயவைத்து மாட்ட இரண்டு நாள் ஆனது. கொழுந்தன் இன்றும் வண்டி நிற்கிற பக்கம் வராமல் எதிர் ஓரமாகத்தான் நடந்து போகிறார்.

அக்காவின் வீட்டுக்காரர் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். சன்னமான உடம்பு, சன்னமான குரல். "அதுக்கு மாசாமாசம் எண்ணெய் மாத்தறா. என் தலைக்கு எண்ணெய் இருக்கான்னு ஒரு நாள் கேட்டிருப்பாளா?" என்று என்னிடம் வந்து புலம்புவார். டாக்டர் சொன்னாரென்று தன் எடையைப் பார்த்துக்கொள்ள அவர் ஒரு எடை இயந்திரம் வாங்கினார். மறுநாளே அது வண்டிக்குப் போய்விட்டது. ட்ரெய்லரின் கழுத்து கொக்கியை அழுத்துகிற எடை, மொத்தச் சுமையில் பத்தில் ஒரு பங்கு இருக்க வேண்டுமாம். குறைந்தால் வேகத்தில் ட்ரெய்லர் வாலை ஆட்டும்; கூடினால் பிக்கப்பின் மூக்கு தூக்கிக்கொள்ளும். அதைப் பார்க்க அந்த இயந்திரம் அளவாக இருந்ததாம். அவர் இளைத்தாரா பெருத்தாரா என்று இன்றுவரை தெரியாது.

குளிர்காலத்தில் வேலை முடிந்து வந்த வண்டியின் பானெட் கதகதவென்று இருக்கும். அதன்மேல் ஏறிப் படுக்கத் தெருப் பூனைக்கு ஆசை. உள்ளங்கையை வைத்துக் குளிர்காய வீட்டுக்காரருக்கு ஆசை. அக்கா இரண்டு பேரையும் ஒரே துணியால் விரட்டுவாள். "கை வைக்காதீங்க, ரேகை விழும்!" வாரத்துக்கு ஒருமுறை மெழுகு போட்டுத் தேய்க்கிற பானெட் அது. பூனையாவது இரண்டு தடவை ஏறிவிட்டது. அவருக்கு அந்தப் பாக்கியமும் இல்லை.

இதையெல்லாம்விட அவளுக்குப் பெருமை, பின்னால் எடுப்பதில். ட்ரெய்லர் கட்டிய வண்டியைப் பின்னால் எடுப்பது தலைகீழ் வித்தை. ட்ரெய்லரின் வால் இடப்பக்கம் போக ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்ப வேண்டும். இது தெருவில் நிற்கிறவர்களுக்குத் தெரியாது. எந்த வண்டி பின்னால் வந்தாலும் நம் ஆட்களுக்குக் கை பரபரக்கும்; பல் தேய்த்துக்கொண்டிருந்தவரும் ஓடி வந்து, "வா, வா, வா, லெஃப்ட்ல ஒடி, இன்னும் ஒடி, வா வா, ஏய் நில்லு நில்லு!" என்று தட்டுவார். அக்கா கண்ணாடியை இறக்கி, "அண்ணே, நுரை வழியுது, போய் வாயைக் கொப்புளிங்க" என்பாள். பிறகு தனியாக, ஒரே மூச்சில் கொண்டுபோய்ச் சொருகுவாள்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் வீட்டுக்காரர் ஒருமுறை வழி காட்டினார். "வலது பக்கம் திருப்பு, வலது பக்கம்" என்று அவர் பதற, கட்டின புருஷன் சொல்கிறாரே என்று இவளும் திருப்பிவிட்டாள். மாவு மில்லின் வாசல் தூண் சாய்ந்தது. அவர்மேல் வந்த கோபத்தைவிட, தெரிந்தும் கேட்டோமே என்று தன்மேல் வந்த கோபம்தான் அதிகம். "இனிமே நான் ரிவர்ஸ் எடுக்கறப்ப நீங்க வாயைத் திறக்கக்கூடாது" என்றாள். அன்றிலிருந்து அவள் பின்னால் எடுக்கும்போதெல்லாம் அவர் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்று பார்ப்பார். ஒரு வார்த்தை பேசியதில்லை.

போன மாதம் வந்தது படகு விவகாரம். பின் தெருவில் ஒரு தபால்காரர். நாலு வருடமாக, வேலை முடிந்த பிறகு, சந்தின் கடைசியில் இருக்கிற கொட்டகையில் தனியாளாக ஒரு மரப்படகு கட்டினார். கட்டி முடித்த வாரம் சந்து முனையிலிருந்த காலி மனைக்காரர் வந்து, திங்கட்கிழமை தன் எல்லையில் மதில் எழுப்பப் போவதாகச் சொன்னார். அவர் இடம், அவர் மதில். யார் என்ன சொல்ல முடியும்? மதில் வந்துவிட்டால் பிறகு படகு வெளியே வராது. இரண்டு பேர் வண்டியோடு வந்து பார்த்தார்கள். சந்து நடுவில் இடப்பக்கம் ஒடிகிறது. ஓட்டுகிறவர் வலப்பக்கம் உட்கார்ந்திருப்பதால் அந்த வளைவின் சுவர் முனை கண்ணுக்கே தெரியாது. முதல் ஆள் தலையை ஆட்டிவிட்டுப் போனார். இரண்டாமவர் படகைத் தட்டிப் பார்த்து, "ரெண்டா அறுத்துட்டா சுலபமா கொண்டு போயிடலாம்" என்றார். தபால்காரர் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அக்கா காதுக்கு இது எட்டியது. "அறுக்கறதா? அவன் நாக்கை அறுக்க!" நேராகப் போய், "ஞாயித்துக்கிழமை காலைல உங்க படகு ரோட்டுல நிக்கும்ண்ணே. ஒரு கீறல் விழாது" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். வந்த பிறகுதான் எனக்குப் பக் என்றது. அந்தச் சந்துக்கு மட்டும் வரமாட்டேன் என்று எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியவள் அவள். சனிக்கிழமை வீட்டுக்காரர் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்துவிட்டு வந்து, "முனையில ரெண்டு பக்கமும் சேர்த்து எட்டு விரல் இடம் இருக்கு" என்றார். "நான் கேட்டேனா?" என்றாள் அக்கா. அன்று சாயங்காலம் பானெட்டை வழக்கத்தைவிட நெடுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பயந்தால் அவள் எதையாவது தேய்ப்பாள் என்று எனக்குத் தெரியும்.

ஞாயிறு காலை நல்ல குளிர். வெறும் ட்ரெய்லரை இரண்டு முயற்சியில் கொட்டகைவரை பின்னாலேயே கொண்டுபோய்விட்டாள். உருளைக் கட்டை வைத்துப் படகை ஏற்றினோம். எடை இயந்திரத்தைக் கழுத்தின் கீழ் வைத்துப் பார்த்து, ஒரு முழம் முன்னால் தள்ளச் சொன்னாள். சங்கிலிகளைக் குறுக்காக மாட்டி இழுத்துப் பார்த்தாள். கிளம்பினாள். படகு ட்ரெய்லரைவிட அகலம். வளைவில் பாதி வந்ததும் நிறுத்திவிட்டாள். படகின் விலா சுவர் முனையிலிருந்து இரண்டு விரல் தூரத்தில். முன்னால் போனால் உரசும். கொஞ்சம் பின்னால் எடுத்து, நிமிர்த்தி, மறுபடி வர வேண்டும். பின்னால் எடுத்தால் முனை எங்கே என்று அவளுக்குத் தெரியாது. அதற்குள் அக்கம்பக்கத்து வீட்டு மதில்மேலும் ஜன்னலிலும் நின்ற அத்தனை பேரும், "லெஃப்ட்ல ஒடி! இல்ல, ரைட்டு! வா வா!" என்று ஆரம்பித்துவிட்டார்கள். தபால்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

அக்கா கண்ணாடியை இறக்கினாள். "எல்லாரும் கொஞ்சம் வாயை மூடுங்க" என்றாள். சத்தம் நின்றது. ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஏங்க" என்று கூப்பிட்டாள். "இங்க வாங்க. எனக்குத் தெரியல."

அவர் கட்டியிருந்த கையைப் பிரித்தார். இடைவெளி விரிகிற பக்கமாகச் சுவரை ஒட்டி ஒருக்களித்து வந்து, சுவர் முனையில் வலது உள்ளங்கையை வைத்தார். கடிகாரத்தின் மயிரிழைச் சுருளைத் தூக்கி வைக்கிற கை. "எந்தப் பக்கம் திருப்பணும்னு நான் சொல்லமாட்டேன்" என்றார். "அது உனக்குத் தெரியும். எவ்வளவு இடம் இருக்குன்னு மட்டும் சொல்றேன்."

"கையை எடுங்க முதல்ல! நசுங்கிடும்!"

"எடுக்கமாட்டேன். நீ ஓட்டு."

வண்டி எறும்பாக ஊர்ந்தது. "ரெண்டு விரல்" என்றார். அந்தச் சன்னக் குரல் இஞ்சின் சத்தத்தைத் தாண்டிக் கேட்டது. "ரெண்டு. ஒண்ணரை. ஒண்ணு... நில்லு." நின்றது. அவர் உள்ளங்கைக்கு அடியில் சுவரின் சுண்ணாம்பு உதிர்ந்தது. அக்கா ஸ்டியரிங்கை மாற்றித் திருப்பினாள். "ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு விரல்..." என்று எண்ணிக்கொண்டே வந்தார். "ஒரு கை அகலம் முழுசா இருக்கு! நிமிர்ந்திடுச்சு! இனிமே முன்னால போ." போனாள். வண்டியின் மூக்கை எதிர்ச் சுவரோரமாக விட்டு, வளைவை அகலமாக எடுத்து, படகோடு வெளியே வந்தாள். எந்த வேலையிலும் இப்படி ஒரு அழகை நான் பார்த்ததில்லை. முன்னால் லெஃப்ட், ரைட்டு என்று கத்திய கூட்டத்தில் முதல் ஆள் நான்தான், அதை ஒத்துக்கொள்கிறேன்.

தபால்காரர் படகின் விலாவைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஒரு கீறல் இல்லை. அக்கா இறங்கினாள். இழுத்து முடித்த வண்டியை உடனே அணைக்க மாட்டாள், இஞ்சினை இரண்டு நிமிடம் ஓடவிடுவாள்; அது ஓடிக்கொண்டிருந்தது. நேராக ட்ரெய்லருக்குப் போனாள். நூறு அடி ஊர்ந்து வந்த சக்கரத்தில் என்ன சூடு இருக்கப் போகிறது? இருந்தாலும் ஒவ்வொன்றாகத் தொட்டாள். நாலாவது சக்கரத்துக்குப் பக்கத்தில் அவர் நின்றிருந்தார். அதே புறங்கையை அவர் கைமேல் வைத்தாள்.

"ஐயோ, ஜில்லுன்னு இருக்கே" என்றாள்.

"பயந்தே போயிட்டேன்" என்றார் அவர்.

அக்கா அந்தக் கையைப் பிடித்து வண்டியின் முன்பக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். முந்தின நாள் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்த வெள்ளை பானெட்டின் நடுவே, சுண்ணாம்பு அப்பிய அந்த உள்ளங்கையை விரித்து வைத்து, மேலே தன் கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.