அட்ஜஸ்ட் அக்காவும் சிரிக்காத வாத்தியாரும்

எங்கள் ஊரில் மூக்குள்ள அத்தனை பேரும் என் நாத்தனாரிடம் ஒருமுறையாவது காதைக் கொடுத்தவர்கள். சரி, கொஞ்சம் அதிகமாகச் சொல்லிவிட்டேன். கண் நன்றாகத் தெரிகிறவர்களைக் கழித்துவிடுங்கள். எதிர்க்கடையில் கண்ணாடி வாங்குகிற துரோகிகளையும் கழித்துவிடுங்கள். மிச்சப் பேரெல்லாம் அவள் கைபட்டவர்கள்தான்.

கடைத்தெருவில் ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் அவளுக்கு வேலை. ஜன்னலை ஒட்டி ஒரு நாற்காலி. மேஜையில் மூன்று குறடுகள், விரல் நீளத் திருப்புளிகள், பிரேமை இளக்கச் சூடான காற்று ஊதும் ஒரு சின்னப் பெட்டி. வருகிறவர்களிடம் அவள் சொல்வது ஒரே சொல்: "அட்ஜஸ்ட் பண்ணிடலாம்." அதனால் தெருவுக்கே அவள் அட்ஜஸ்ட் அக்கா.

அந்தச் சொல்லை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். திரைச்சீலை நீளமாக இருந்தாலும் அட்ஜஸ்ட், விருந்தாளிகள் கூடிவிட்டாலும் அட்ஜஸ்ட். நாங்கள் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருக்கும் நாட்களில், காப்பியை நீட்டி, "அண்ணி, அட்ஜஸ்ட்?" என்பாள். அவள் அகராதியில் அதற்கு மன்னிப்பு என்று பொருள்.

தொழிலில் அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஆளைச் சிரிக்கவைக்காமல் காதுக் கம்பியை வளைக்க மாட்டாள். சும்மா இருக்கும் முகத்தில் எந்தக் கண்ணாடியும் உட்காரும். சிரித்தால்தான் கன்னம் மேலே ஏறி பிரேமைத் தள்ளும், காதுப் பிடி விடும், குனிந்ததும் கண்ணாடி கீழே விழும். "சிரிக்கிற முகத்துக்குப் பொருத்திட்டா, அழுற முகத்துக்குத் தானா பொருந்திடும் அண்ணி" என்பாள்.

இந்தப் பிடிவாதத்துக்குச் சோதனையாக வந்தார் ஒரு ரிட்டயர்டு ஆங்கில வாத்தியார். இஸ்திரி போட்டது சட்டைக்கா முகத்துக்கா என்று சந்தேகம் வரும். மூன்று முறை வந்தார்; ஒருமுறையும் சிரிக்காததால், வேறு வழியில்லாமல் சும்மா இருந்த முகத்துக்கே பொருத்தி அனுப்பினாள். மூன்று முறையும் கண்ணாடி கடையில் சமர்த்தாக உட்கார்ந்தது, வீட்டுக்குப் போனதும் விழுந்தது. முதலாளிக்கு மானம் போனது.

"இதோ பாரும்மா, நாலாவது தடவையா இன்னிக்கு வர்றார். இதுக்கு மேலயும் அவர் திரும்பி வந்தார்னா, நீ முன்னாடி டோக்கன் குடுக்கிற மேஜைக்குப் போயிடு. இந்த நாற்காலிக்கு வேற ஆள் பாத்துக்கறேன்."

டோக்கன் மேஜை! குறடு பிடித்த கையில் காகிதத் துண்டா?

வாத்தியார் வந்து உட்கார்ந்தார். இவள் யோசித்தாள்: இங்கே நிற்கிற கண்ணாடி வீட்டில் விழுகிறது என்றால், வீட்டில் இந்த முகம் வேறு முகமாகிறது. பேரப் பிள்ளைகள் யாரோ இவரைச் சிரிக்கவைக்கிறார்கள். அந்த முகத்தை இங்கே வரவழைக்க வேண்டும்.

"சார், கொஞ்சம் முகத்தை அட்ஜஸ்ட் பண்ணுங்க."

"முகத்தையா? ஏம்மா, இந்த ஒரு சொல்லை வெச்சே குடித்தனம் நடத்தறியா?"

"ஆமா சார். காலையில பஸ்ல மூணு பேர் சீட்டுல நாலாவதா உக்காந்தேன். அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டாங்க."

"நகர்ந்து இடம் கொடுத்தல்." வாத்தியார் ஒரு விரலை மடக்கினார்.

"பக்கத்து வீட்டுல ராப்பகலா டிரில்லிங். அட்ஜஸ்ட் பண்ணிக்கிறோம்."

"சகித்துக்கொள்ளுதல்." இரண்டாவது விரல்.

"கூட வேலை பாக்கிற தங்கச்சி லீவு கேட்டா. என் லீவு நாளை அவளுக்கு அட்ஜஸ்ட் பண்ணிக் குடுத்தேன்."

"மாற்றிக்கொள்ளுதல். ஒரு வினைச்சொல்லை இப்படியா வேலை வாங்கறது? பாவம்மா அது!"

ஆனாலும் உதடு அசையவில்லை. மூன்று விரல் மடங்கியதுதான் மிச்சம். கடையில் இருந்தவர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். முதலாளி கதவில் சாய்ந்து நின்றார். என் நாத்தனார் கடைசி அஸ்திரத்தை எடுத்தாள்.

"கல்யாணமான புதுசுல நான் முதல் தடவையா சமைச்சேன் சார். எங்க வீட்டுக்காரர் ஒரு வாய் வெச்சார். ஒரு சொம்பு தண்ணி குடிச்சுட்டு, 'பரவாயில்ல, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்'னார். அன்னையிலேருந்து அவர்தான் சமைக்கிறார். நான்தான் அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டேன்."

அவ்வளவுதான். வாத்தியார் சிரித்தார் பாருங்கள்! சுவரில் மாட்டியிருந்த, கண் சோதிக்கும் எழுத்துப் பலகை ஆடியது. கண்ணாடி அலமாரியில் நானூறு பிரேம்கள் கலகலத்தன. எதிர்க்கடைக்காரன் தெருவுக்கே ஓடிவந்தான். கன்னங்கள் மேலே ஏற, பிரேம் எகிற, இவள் கண் இமைக்காமல் பிரேமில் கன்னம் முட்டிய இடத்தைப் பேனாவால் குறித்துவிட்டாள். பிறகு கீழ் விளிம்பைக் கன்னத்திலிருந்து அரை நூல் அளவு விலக்கி, கம்பி நுனிகளைச் சூடாக்கிக் காதுக்குப் பின்னால் இறுக்கினாள். குனியச் சொன்னாள், தலையை ஆட்டச் சொன்னாள். கண்ணாடி அசையவே இல்லை. நாற்காலி இன்றுவரை அவளுடையதுதான்.

இதை எழுதி முடித்து, பெருமையோடு அவளிடமே படித்துக் காட்டினேன். குறட்டுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே கேட்டவள், கடைசியில் தலையை ஆட்டினாள்.

"எல்லாம் சரி அண்ணி. ஆனா அவர் சிரிக்கவே இல்ல."

"என்னடி சொல்ற?"

"நான் கதையைச் சொல்லி முடிச்சேன். 'ம்'னார். அவ்வளவுதான். சரி, டோக்கன் மேஜைதான்னு நினைச்சேன். அப்பதான் லென்ஸ் தேய்ச்ச தூசி மூக்குல ஏறி ஒரு தும்மல் போட்டாரு. கன்னம் ஏறுச்சு, பிரேம் எகிறுச்சு, டக்குனு குறிச்சுட்டேன். தும்மலுக்கும் கன்னம் அதே மாதிரிதானே ஏறும்? அவர் சிரிச்சது மறுநாள் மத்தியானம். அவர் வீட்டம்மா போன் பண்ணிச் சொன்னாங்க. சாப்பிட்டுக்கிட்டே இருந்தவரு திடீர்னு விழுந்து விழுந்து சிரிச்சாராம். என்னன்னு கேட்டா, 'அட்ஜஸ்ட்... அட்ஜஸ்ட்'னு மட்டும்தான் சொல்ல முடிஞ்சுதாம். கண்ணாடி மட்டும் அப்படியே நின்னுச்சாம்."