லைட்டுக்கு வைத்த சந்தனம்

சாமி காரியத்தைக் குறை சொல்வதாக யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று, இதை எழுதச் சில வருடங்களாகவே தயங்கினேன்.

எங்கள் ஊர் பெருமாட்டி. என் மனைவி விடியும் முன்பே சைக்கிளில் பால் சொசைட்டிக்குப் போவாள். அவளுக்காகச் சார்ஜ் ஏற்றும் மலிவான சைக்கிள் லைட் ஒன்று வாங்கினேன். ஆயுத பூஜையன்று சைக்கிளோடு அதற்கும் பக்தியாகச் சந்தனம், குங்குமம் வைத்தேன்.

அந்த வாரமே வழியில் லைட் அணைந்துவிட்டது. எதிரே வைக்கோல் லாரி. சைக்கிளோடு வாய்க்காலில் இறங்கியதால் பிழைத்தாள். பால் கொட்டியது, ஆளை முருகன் காப்பாற்றினான்.

கடையில், "இதையெல்லாம் ரிப்பேர் பண்ண முடியாதுங்க, புதுசு வாங்கிக்கங்க" என்றார்கள். அவள் விடவில்லை. வீட்டில் திருப்பிப் பார்த்தால், வயர் செருகும் துளையைச் சந்தனம் அடைத்திருந்தது. சார்ஜ் ஏறுவதைக் காட்டும் சிறு விளக்கைக் குங்குமம் மறைத்திருந்தது.

"ஏனுங்க, பொட்டு வெச்சது சரி. வாயிலயுமா சந்தனத்தை ஊட்டுவீங்க?" என்று சிரித்தாள். ஈர்க்குச்சியால் மெல்லச் சுரண்டி, பழைய பிரஷால் துடைத்து, வெயிலில் காயவைத்தாள். சார்ஜ் ஏறி லைட் பளிச்சென்று எரிந்தது.

இன்று பால் ஊற்ற வருகிறவர்கள் பழுதான லைட்டை அவளிடம்தான் கொடுக்கிறார்கள். நான் சொசைட்டிக்குப் போனால், "லைட்டக்கா ஊட்டுக்காரரு வந்துட்டாருங்க" என்கிறார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இப்போது பொட்டு ஹேண்டில் பாருக்கு மட்டும்தான். லைட்டுக்கு, வயர் துளையின் ரப்பர் மூடியை அழுத்திவிட்டு ஒரு கும்பிடு.

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். சந்தனம் வைத்தது நான், சரிசெய்தது அவள். அதை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.