முதுகைப் பார்த்த நாள்

எவாரிஸ்தோ மஞ்சள் காற்றுக்குழாயின் வெடிப்பில் சைக்கிள் டியூப் கீற்றைச் சுற்றிக்கொண்டிருந்தான். ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்து, இறுக்கி முடிச்சிட்டான். கைகளில் குறையில்லை. குறை இடது காலில். முழங்காலிலிருந்து கீழே ஊசி குத்தினாலும் தெரியாது. குத்திப் பார்த்தவள் நான்தான். ஊர் மருந்தகத்தில் அப்போது நர்ஸாக இருந்தேன்.

"எதுக்கு இந்த ஒட்டு வேலை?" என்றேன்.

"விக்கலாம்னுதான், நர்ஸம்மா."

"பதினோரு வருஷமாவா விக்கிறே?"

முடிச்சை இன்னொரு முறை இறுக்கினான்.

இந்தப் பாஹா தீபகற்பக் கரையில் இருபத்திரண்டு வருஷம் சிப்பிக்காக மூழ்கியவன் அவன். படகில் இருக்கும் எஞ்சின் பழைய பியர் பீப்பாயில் காற்றை நிரப்பும். அது குழாய் வழியாக வாய்க்கு வரும். சிப்பி நன்றாகக் கிடைத்த ஒருநாள் ஆறுமுறை இறங்கினான். மேலே வந்ததும் கால் மரத்தது. குளிர் ஏறிவிட்டதென்று கூட்டாளிகள் அவனை இடுப்புவரை சுடுமணலில் புதைத்து, காப்பி கொடுத்தார்கள். இங்கே எல்லோரும் செய்கிற தப்பு அது; ஆழத்துக்கு அடிக்கடி இறங்கி ஏறினால் ரத்தத்தில் காற்றுக்குமிழி கட்டும், சூடு அதைக் கரைக்காது. என்னிடம் கொண்டுவந்தது மறுநாள் மதியம். இனி மூழ்கினால் அடுத்த காலும் போகலாம், உயிரும் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதன்பின் இந்தப் பதினோரு வருஷமும் சுற்றுலாக்காரர்களைத் தீவுகளுக்குக் கூட்டிப்போனான். அவர்கள் தண்ணீரில் குதிப்பார்கள். இவன் படகில் உட்கார்ந்திருப்பான்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, பயணிகள் யாருமில்லை. அவன் எஞ்சினையும் பீப்பாயையும் மஞ்சள் குழாயையும் படகில் ஏற்றித் தார்ப்பாய் போட்டு மூடினான். அவன் மனைவி ஓத்திலியா என்னைக் கையோடு இழுத்துப்போய்ப் படகில் ஏற்றினாள். தானும் ஏறி, தார்ப்பாயின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"எந்திரிடி கிழவி."

"மாட்டேன். இறங்கணும்னா என்னைத் தூக்கிப் போட்டுட்டு இறங்கு."

முறைத்தபடி படகை எடுத்தான். செம்பாறைகள் தண்ணீரிலிருந்து செங்குத்தாக எழுந்தன. ஆளைவிட உயரமான கள்ளிகள் அலை தொடும் இடம்வரை இறங்கி நின்றன. தீவுக்குப் பின்னால் கடல் பச்சையாகக் கலங்கியிருந்தது. அங்கே அது வந்தது. ஆளை ஒன்றும் செய்யாத திமிங்கலச் சுறா, எங்கள் படகைவிட நீளம்.

அவன் கை தார்ப்பாய்க்குப் போனது. ஓத்திலியா அசையவில்லை. பயணிகளின் முகக்கண்ணாடியையும் மூச்சுக்குழலையும் அவன் மடியில் எறிந்தாள்.

"மூஞ்சிய மட்டும் நனை."

"செத்த கடல்காக்கா மாதிரி மெதக்கச் சொல்றியா? ஊரே சிரிக்கும்."

"ஊர் எங்க இருக்கு இங்க? கள்ளிதான் நிக்குது."

"மேலே மிதக்கிறதுல தப்பில்லை. ஒரு முழம்கூடக் கீழே போகாதே" என்றேன்.

கொஞ்ச நேரம் சுறாவைப் பார்த்தான். பிறகு சட்டையைக் கழற்றினான். அவன் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையை ஓத்திலியா தன் கையில் சுற்றிக்கொண்டாள். சிப்பித் தொழிலில் குழாயைப் பிடிப்பவர்களுக்குத் தெரிந்த கணக்குதான்: ஓர் இழுப்பு என்றால் நலம், மூன்று என்றால் மேலே தூக்கு.

குப்புற மிதந்தான். சுறா அவனுக்கடியில் வந்தது. ஒரு பக்கம் தலை, மறுபக்கம் வால், நடுவில் சிறு துரும்பாக அவன். கருமுதுகில் வெள்ளைப் புள்ளிகள். அவற்றின் மேல் வெயில் வலைபோல ஓடியது. நானும் விளிம்பில் குனிந்து பார்த்தேன். வெகுநேரம் கயிறு அசையவில்லை. ஓத்திலியாவின் விரல்கள் வெளுத்தன.

பிறகு ஓர் இழுப்பு வந்தது. சற்றுப் பொறுத்து இன்னொன்று.

மேலே ஏறும்போது உணர்வில்லாத முழங்கால் படகின் விளிம்பில் உரசி ரத்தம் வந்தது. நான் துடைத்துக் கட்டுப்போட்டேன். அவன் கவனிக்கவே இல்லை.

"அதோட முதுகை நான் பாத்ததே இல்ல, நர்ஸம்மா. இருபத்திரண்டு வருஷம் கீழேயே கெடந்திருக்கேன். வயித்தத்தான் பாத்தேன்."

ஓத்திலியா தார்ப்பாயிலிருந்து எழுந்தாள். அவன் எஞ்சின் இருந்த பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் காலை மஞ்சள் குழாயை நீளவாக்கில் கீறினான். நான் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, படகின் விளிம்பு முழுக்க அதைச் செருகிக் கட்டினான், ஏறுகிறவர்களின் முழங்கால் உரசாமலிருக்க.