எட்டு ஜீப்புகளின் தளபதி

என் சித்தப்பாவுக்கு ஜெர்மன் தளபதிகள் எல்லோரும் சொந்தக்காரர்கள் மாதிரி. உலகப் போரில் யார் எந்த ஆற்றைத் தாண்டினார், யாருக்கு எப்போது பதவி போயிற்று என்றெல்லாம் பங்காளி வீட்டுக் கதைபோலச் சொல்வார். அவர்கள் யாருக்காகச் சண்டை போட்டார்கள் என்ற பக்கங்களை மட்டும் படிக்காமல் தாண்டிவிடுவார். கம்பம் பக்கத்தில் செல்போன் கடை நடத்தியவருக்கு இது எதற்கு என்று கேட்கும் தைரியம் வீட்டில் யாருக்கும் இல்லை.

நான் நான்காம் வகுப்பில் இருந்தபோது அப்பா ஊராட்சித் தலைவர் தேர்தலில் நின்றார். சித்தப்பா தன்னைத் தானே தளபதியாக நியமித்துக்கொண்டார். எதிரே நின்றவர் பெரிய திராட்சைத் தோட்டக்காரர், ஆள்பலமும் வண்டிபலமும் அவருக்குத்தான். எங்களுக்கு இருந்தவை எட்டு ஜீப்புகள். விடிவதற்குள் பெண்களை ஏற்றிக்கொண்டு கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய்ப் பொழுது சாயத் திரும்புகிற ஜீப்புகள். ஓட்டுநர்கள் எல்லோரும் சித்தப்பாவின் கூட்டாளிகள்.

பிரசாரத்தின் கடைசி நாள் காலை, இட்லி சாப்பிடும்போது சித்தப்பா திட்டத்தை அவிழ்த்தார்.

"பாலைவனத்துல ஒரு தளபதி, இருந்த கொஞ்ச டாங்கியையே ஊரச் சுத்திச் சுத்தி வரவிட்டாருண்ணே. வேவு பாக்க வந்தவுக பெரும்படைன்னு நம்பிட்டாக. நம்மளும் அதச் செய்வோம்."

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "செய்டா" என்றார்.

சாயங்காலம் ஊர் எல்லையிலேயே ஜீப்புகளை மறித்துக் கொடி கட்டினோம். உள்ளே இருந்த பெண்களை இறக்கவில்லை. படைக்கு ஆள் வேண்டுமே. முதல் ஜீப்பில் சித்தப்பாவின் மடியில் நான். பெரிய தெரு வழியாகப் போய், வாய்க்கால் கரையோடு திரும்பி, மறுபடியும் பெரிய தெரு. இரண்டாவது சுற்றில் தோட்டக்காரரின் ஆட்கள் வாசலுக்கு வந்து வாய் பிளந்தார்கள். உலகத்தையே ஜெயித்துவிட்டதாக எனக்குத் தோன்றியது.

மூன்றாவது சுற்றில் பின்னாலிருந்து ஒரு குரல். "ஏலே, எத்தன வாட்டி எங்க வீட்டத் தாண்டியே போவ? பிள்ளைக பசியோட நிக்குதுக. இங்கன நிறுத்து."

"இன்னும் ஒரே ஒரு சுத்து ஆத்தா" என்றார் சித்தப்பா.

அந்தம்மா எழுந்து நின்று தெருவுக்கே சொன்னார்: "எல்லாம் அதே எட்டு வண்டிதான். கூட்டங் காட்ட எங்களச் சொமக்குறாக."

தெருவே சிரித்தது. பெண்கள் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வீடு ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஊர் அது. அவர்கள் மனது வைக்காவிட்டால் அப்பாவுக்கு டெபாசிட்கூடத் தேறாது. நேராக எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். அப்பா கும்பிட்டபடியே வெளியே வந்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது தாயி. எல்லாம் இவன் பண்ணுன கூத்து. இனிமே இவன் என் பக்கமே வரமாட்டான்."

"ஆமா, அண்ணனுக்குத் தெரியாது" என்றார் சித்தப்பா, தரையைப் பார்த்து.

காலையில் நடந்ததை அப்பா மறந்துவிட்டார்போல என்று நான் ஞாபகப்படுத்தப் போனேன். அம்மா என்னை உள்ளே இழுத்து வாயில் முறுக்கைத் திணித்துவிட்டாள். பெண்கள் சமாதானமாகிப் போனார்கள். அப்பா ஜெயித்தார்.

வெற்றிக் கூட்டத்தில் அப்பாவே சித்தப்பாவுக்குப் பொன்னாடை போர்த்தி, "இவன்தான் என் வலது கை" என்றார். எல்லோரையும்விட நான்தான் பலமாகக் கைதட்டினேன்.

அடுத்த மாதமே சித்தப்பா கடையைக் குமுளிக்கு மாற்றிக்கொண்டார். அவர் சாமான் கட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பாலைவனத் தளபதி கடைசியில் என்ன ஆனார் என்று கேட்டேன்.

"செத்துப் போனாரு. அவுக தலைவரே ஊரறிய, ராணுவ மரியாதையோட அடக்கம் பண்ண வச்சாரு."

"குடுத்து வச்சவரு" என்றேன்.

சித்தப்பா என் தலையைத் தடவிவிட்டு மறுபடி கயிற்றை இறுக்கினார். அந்த மரியாதைக்கு முன்னால் விஷத்தையும் அதே தலைவர்தான் கொடுத்தனுப்பினார் என்பது எனக்கு அப்போது தெரியாது. சித்தப்பாவுக்குத் தெரியும்.