உறுமியும் சல்லடையும்

என் வீட்டுக்காரர் உறுமி அடித்தால், வழியில் போகிறவர் நின்று கேட்டுவிட்டுத்தான் போவார். அந்தக் கையில்தான் அந்த வருஷம் காபித் தம்ளர்கூட நிற்கவில்லை. ஐம்பதுகளில் போடியில் மதுவிலக்கு. மலை ஏறி மலையாளத்து எல்லையைத் தாண்டினால் சாராயக் கடை திறந்திருக்கும். ஏலக்காய் மூட்டை ஏற்றப் போகிறேன் என்று கிளம்புவார். மூட்டை அன்றே இறங்கிவிடும். அவர் இறங்க மூன்று நாளாகும்.

இனி குடித்தால் ஈரல் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“மருந்து நான் தர்றேன்மா. ஆனா சாயங்காலமானா மனசு அதையேதான் தேடும். அந்த நேரத்துக்குப் பாட்டு, கொட்டுன்னு அவருக்குப் பிடிச்சது எதாச்சும் இருக்கா?”

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. “உறுமி அடிப்பாருங்கய்யா” என்றேன்.

பரணிலிருந்து உறுமியை இறக்கித் துடைத்து வைத்தேன். முதல் நாள் சாயங்காலம் வாசித்தார். கை நடுக்கம் நின்றது. நான் அடுப்படியில் நின்று அழுதேன், சந்தோஷத்தில்தான். அரை மணி நேரம் ஆகியிருக்கும். வாசிப்பு பாதியில் நின்றது. வெளியே வந்து பார்த்தால் உறுமி மட்டும் கிடந்தது. மறுநாள் மத்தியானம் ஒரு ஜீப்பில் மூட்டைகளின் மேல் கிடந்து வந்து சேர்ந்தார்.

நேரே டாக்டரிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார்: “குடிக்காம அவரு எப்பவாச்சும் உறுமி அடிச்சிருக்காராம்மா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உறுமிக்காரர்களிடம் ஒரு வழக்கம். முதலில் தோலில் நாலு சொட்டுச் சாராயம் தெளிப்பார்கள், மீதியைத் தாங்கள் குடிப்பார்கள், பிறகுதான் குச்சியைத் தொடுவார்கள். மதுவிலக்கு வந்த பிறகும் எங்கிருந்தோ ஒரு சீசா வந்துவிடும். இது ஊருக்கே தெரியும். டாக்டர் வெளியூர்க்காரர், அவருக்குத் தெரியாது. எட்டாவது படித்த மேதாவியான எனக்குத் தெரியும். தெரிந்தும் என் கையாலேயே எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

உறுமியை அவரோடு கொட்டடிக்கிற கூட்டாளிகளிடமே கொடுத்தனுப்பினேன். வியாபாரி வீட்டிலிருந்து ஏலக்காய் வாங்கி வந்து சலித்துப் பொறுக்கித் தருவது என் பிழைப்பு. ஒரு சாயங்காலம் அவர் கை கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது. எரிச்சலில் சல்லடையை அவர் பக்கம் தள்ளினேன். “சும்மா ஆடுற கை இதையாவது ஆட்டட்டும்.”

அவர் சிரித்துவிட்டார். சலிக்க ஆரம்பித்தார். சும்மா சலிக்க அவருக்கு வருமா? காய் உருளுகிற சத்தத்தில் ஒரு தாளம் வந்துவிட்டது. நான் வேலை செய்யும்போது முணுமுணுக்கிற பாட்டை அதற்கு ஏற்றபடி பாடினேன். சல்லடைக்கும் சாராயத்துக்கும் எந்த ஒட்டும் இல்லை. மருந்து ஒரு பக்கம், இது ஒரு பக்கம் என்று நாலு மாதம் ஓடியது.

சித்திரையில் ஒரு சாயங்காலம் சலித்துக்கொண்டிருந்தபோது அம்மன் ஊர்வலம் எங்கள் தெருவுக்குள் திரும்பியது. முன்னால் உறுமி. அது அவருடைய உறுமி, சத்தத்திலேயே தெரிந்தது. சல்லடை நின்றது. என் பாட்டும் நின்றது. அவர் வாசலையே பார்த்தார். உதடு காய்ந்திருந்தது. எழுந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

“நிறுத்தாத புள்ள, பாடு” என்றார்.

பாடினேன். தொண்டை கிழியக் கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். சுருதியாவது ஒன்றாவது. பயத்தில் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடினேன். கண்ணை மூடிக்கொண்டு அவர் சலித்தார், காயெல்லாம் தரையில் சிதறியது. ஊர்வலம் தெருமுனையைக் கடந்து போகும் வரை இரண்டு பேரும் நிறுத்தவில்லை.

பிறகு இரண்டு பேரும் குனிந்து காய்களைப் பொறுக்கினோம்.