கினிகத்தேனை வெயிலில் பனி

எங்கள் பக்கத்தில் எந்தக் குற்றத்தையும் பனியின் தலையில் போட்டுவிடலாம். பஸ் தாமதமா, பனி. துவைத்த துணி மூன்று நாளாகக் காயவில்லையா, பனி. கொழும்பு மாப்பிள்ளை வீட்டார் தாலி கட்டும் நேரத்துக்கு வந்து சேரவில்லையா, வழியெல்லாம் பனி. யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். இப்படி ஊரே வைத்திருந்த சாக்கை நானும் என் தொழிலுக்கு எடுத்துக்கொண்டேன். இரண்டு வருடம் நன்றாகவே ஓடியது.

லிந்துலை டவுனில் எங்களுக்கு ஒரு வாடகை அறை. நடுவில் துணித் திரை. முன்பாதியில் என் மனைவி தையல் மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறாள். பின்பாதி என் ஸ்டூடியோ. ஸ்டூடியோ என்றால் ஒரு கணினி, ஒரு நீலத் திரை, ஒரே ஒரு கேமரா. கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் போட்டோவும் நானே, வீடியோவும் நானே. இரண்டு பேர் செய்ய வேண்டிய வேலையை ஒரு ஆள் ஒரு கேமராவை வைத்துச் செய்தால்தான் தோட்டத்துச் சனத்துக்குக் கட்டுப்படியாகும்.

படங்கள் எப்போது மங்கத் தொடங்கின என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. முகத்தின் மேல் ஒரு வெள்ளை படிந்த மாதிரி, கறுப்பெல்லாம் சாம்பல் நிறமாக வர ஆரம்பித்தது. வெளியில் எடுத்தது என்றால் பனி என்பேன். மண்டபத்துக்குள் எடுத்தது என்றால் சாம்பிராணிப் புகை என்பேன். ஒரு கல்யாணப் பெண் அந்த வெள்ளையைப் பார்த்து, "அண்ணே, சினிமா மாதிரி இருக்குண்ணே" என்று மகிழ்ந்துபோனாள். நானும் ஏதோ பெரிய வித்தையைச் செய்துவிட்டவன் போலத் தலையாட்டினேன். வெட்கக்கேடு.

வீடியோதான் காலை வாரிவிட்டது. தலவாக்கலையில் ஒரு கல்யாணம். கெட்டிமேளம் கொட்டுகிற நேரம், கேமரா மணப்பெண்ணின் முகத்தைப் பிடிக்க முடியாமல் முன்னும் பின்னும் தடுமாறியது. அட்சதை விழுந்து முடிந்த பிறகுதான் முகம் தெளிந்தது. அந்த வீட்டுப் பெரியவர் வீடியோவைப் பார்த்துவிட்டு ஏசவில்லை. "ஒங்க கேமராவுக்கு வயசாயிருச்சு தம்பி, மாத்திருங்க" என்று மட்டும் சொன்னார். ஏசியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அடுத்த இரண்டு கல்யாணமும் அதே உறவுக்காரர்களுடையவை. இரண்டுமே வேறு ஆளுக்குப் போயின.

அதன்பின் எனக்கு ஒரே பைத்தியம். கைபேசியில் கேமராவைப் பற்றி யார் யாரோ பேசும் வீடியோக்களைப் பார்த்தபடியே சாப்பிட்டேன். ஓடுகிற ஆளின் கண்ணை விடாமல் பிடிக்கும் கேமரா, இருட்டிலும் சுத்தமாக எடுக்கும் கேமரா. போட்டோவுக்கும் வீடியோவுக்கும் ஒன்றே போதும் என்று எல்லாரும் சத்தியம் பண்ணினார்கள். லென்ஸ் நல்ல லென்ஸ், அது இருக்கட்டும், கேமராவை மட்டும் மாற்றினால் போதும் என்று கணக்குப் போட்டேன். அதற்கும் வழி ஒன்றுதான் தெரிந்தது. அறையை விட்டுவிட்டு, அதற்குக் கொடுத்த முன்பணத்தைத் திருப்பி வாங்குவது.

நான் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டில் இருந்தே வேலை செய்துகொள்ளலாம். கேமரா எங்கே இருந்தாலும் கேமராதான். ஆனால் பிளவுஸுக்கு அளவு கொடுக்க டவுன் பெண்கள் யாரும் அந்த மேடு ஏறி வரப்போவதில்லை. இது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக ஏழு வருடம் தேயிலைக் கொழுந்து எடுத்தவள் அவள். மழையில் நனைந்த படங்குத் துணி இடுப்பில், அட்டை காலில். தையல் பழகி, தோட்டத்து வேலைப் பதிவில் பெயரை வெட்டிக்கொண்டு வந்த அன்று பாயாசம் காய்ச்சினாள்.

நான் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாளாக முழுங்கிக்கொண்டிருந்தேன். அவளே துணியை வெட்டியபடி சொன்னாள்.

"ரூம குடுத்துருவோங்க. நான் திரும்ப மலைக்குக் கொழுந்தெடுக்கப் போறேன். ஆள் பத்தலைன்னுதான் சொல்றாங்க, பேர் பதிஞ்சுக்குவாங்க."

"ஒனக்குக் கஷ்டமா இல்லியா?"

"எனக்கு ஒன்னும் கஷ்டமில்லங்க. பழகின வேலைதானே."

கத்தரிக்கோல் நிற்கவே இல்லை. எனக்கு வேண்டிய பதில் அதுதான் என்பதால் மேற்கொண்டு கேட்காமல் விட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

வியாழக்கிழமை காலை முன்பணம் மடியில், கேமரா தோளில், கொழும்பு பஸ் ஏறினேன். அவள் அன்றைக்குத் தோட்டத்து ஆபீஸில் பெயர் கொடுப்பதாக ஏற்பாடு. மலை இறங்கும் வழியில் பஸ் கினிகத்தேனையில் தேத்தண்ணிக்கு நின்றது. எங்கள் குளிர் அங்கே இல்லை. தார் ரோட்டில் கண் கூசும் வெயில், வானத்தில் பெயருக்கு ஒரு மேகம் இல்லை. பழைய கேமராவை விற்கப் போகிறோமே என்று மனசு கேட்காமல் அதை வெளியே எடுத்தேன். தேத்தண்ணிக் கடைக்காரர் சிங்களவர். கடையோடு சேர்த்துத் தன்னை ஒரு படம் எடுக்கச் சொல்லிக் கையைக் கட்டி நின்றார். எடுத்துக் காட்டினேன். திரையை உற்றுப் பார்த்தவர் என்னைப் பார்த்தார்.

"மே அவ்வே மீதுமக்த?" என்றார். இந்த வெயிலில் பனியா என்று கேட்டுச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரோட்டை எடுத்தேன், பஸ்ஸை எடுத்தேன், எதிரே இருந்த வாழைக்குலைகளை எடுத்தேன். எல்லாவற்றிலும் லிந்துலைப் பனி. சாம்பிராணியும் இல்லை, சாக்குச் சொல்ல அங்கே எதுவுமே இல்லை. பனி உள்ளேதான் எங்கோ இருக்கிறது, பணத்தைக் கொட்டும் முன் திருத்துகிறவரிடம் காட்ட வேண்டும் என்று தோன்றியது. கொழும்பு பஸ் என்னை விட்டுவிட்டுப் போனது. நான் ரோட்டைக் கடந்து, மேலே போகும் ஹட்டன் பஸ்ஸில் ஏறினேன்.

ஹட்டனில் மணிக்கூடும் கேமராவும் திருத்தும் ஒரு முஸ்லிம் பெரியவர் இருக்கிறார். அண்ணன் முறையில் நாங்கள் நானா என்போம். அவர் என் லென்ஸைக் கழற்றி, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து, என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். கண்ணாடிக்குள் மெல்லிய வேர் வேராக வெள்ளையாக எதுவோ படர்ந்திருந்தது.

"பூஞ்சணம். எதுல வெச்சிருந்தீங்க?"

"ஈரம் படாம பொலித்தீன் பையில கட்டி, பெட்டியில வெச்சேன் நானா."

"ஈரத்தையும் சேத்துல்ல கட்டி வெச்சிருக்கீங்க."

தன் அலமாரியிலிருந்து ஒரு பழைய லென்ஸை என் கேமராவில் மாட்டிக் கொடுத்தார். கடை வாசலில் நின்று ரோட்டைப் படம் எடுத்தேன். எதிர்க் கடைப் பலகையின் கறுப்பு எழுத்து கறுப்பாகவே வந்தது. வீடியோவைப் போட்டு, நடந்து போகிறவர்கள் பக்கம் திருப்பினேன். கேமரா தடுமாறாமல் முகத்தைப் பிடித்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, பாவப்பட்ட கேமராவை எவ்வளவு திட்டியிருக்கிறேன்.

"உள்ளுக்கு மங்கினா அதுக்கு எப்புடி மூஞ்சி தெரியும்? ரெண்டு நாள் குடுங்க, கழட்டித் தொடச்சுத் தாறேன். கண்ணாடிய இன்னும் அரிக்கல்ல" என்றார் நானா. பிறகு, "புதுக் கேமரா வாங்கியிருந்தா எந்த லென்ஸ மாட்டியிருப்பீங்க?" என்று கேட்டார்.

இதே லென்ஸைத்தான். அறையும் போய், மெஷினும் மூலைக்குப் போய், அவள் மலைக்குப் போய், புத்தம் புதுக் கேமராவில் அதே பனியைத்தான் எடுத்துக்கொண்டிருந்திருப்பேன். அப்போதுதான் மணியைப் பார்த்தேன். பதினொன்று தாண்டிவிட்டது. அவள் ஆபீஸுக்குப் போயிருப்பாள்.

கடைக்கு வெளியே வந்து கூப்பிட்டேன். முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாவது தடவை எடுத்தாள்.

"எங்க இருக்க?"

"ஆபீஸ் வாசல்லங்க. எனக்கு முன்னுக்கு ரெண்டு பேர் இருக்காங்க."

"பேர் குடுக்காத. வேணாம். வூட்டுக்குப் போ."

நடந்ததை எப்படிச் சுருக்கமாகச் சொல்வது என்று யோசித்தேன். அவள் எதுவும் கேட்கவில்லை. "சரிங்க" என்றாள். கைபேசியை அணைக்க மறந்துவிட்டாள் போலிருக்கிறது. செருப்புச் சத்தம் கேட்டது. முதலில் நடை, பிறகு நடையில்லை. மூச்சு வாங்கியது. யாரோ பின்னாலிருந்து கூப்பிடும் குரல் கேட்டு அப்படியே தேய்ந்தது. நான் ஹட்டன் ரோட்டோரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றும் கஷ்டமில்லை என்று சொன்னவள் ஓடிக்கொண்டிருந்தாள்.

மாலையில் முன்பணத்தை அறைச் சொந்தக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு அறைக்குத் திரும்பியபோது, அவள் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். கேமராவுக்கு என்ன ஆச்சு என்று அவள் கேட்டது மறுநாள் காலையில்தான்.